பழைய ராக் ஆல்பங்களில் கடைசிப் பாட்டு இடம் நிரப்பத்தானா?

கேள்வி (2024 பிப்ரவரி 4)
பழைய ராக் ஆல்பங்களில் நல்ல பாட்டையெல்லாம் முன்னாலேயே வைத்துவிடுகிறார்கள். ஏழாவது எட்டாவது பாட்டு வரும்போது சரக்கு தீர்ந்துவிடுகிறது. கடைசிப் பாட்டு என்பது இடம் நிரப்பத்தான். இல்லை என்பவர்கள் உதாரணம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.40
இல்லவே இல்லை. யோசிக்காமல், நினைவுக்கு வந்த வரிசையிலேயே சொல்கிறேன். பீட்டில்ஸின் 'ஸார்ஜென்ட் பெப்பர்' (1967) முடிவது 'அ டே இன் த லைஃப்' பாட்டில். தி ஹூவின் 'ஹூஸ் நெக்ஸ்ட்' (1971) முடிவது 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்' பாட்டில். ரோலிங் ஸ்டோன்ஸின் 'லெட் இட் ப்ளீட்' (1969) முடிவது 'யூ கான்ட் ஆல்வேஸ் கெட் வாட் யூ வான்ட்'. லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்துக்கு 'ஸ்டேர்வே டு ஹெவன்'. ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' (1975) ஆல்பத்துக்கு 'ஜங்கிள்லேண்ட்'. இதில் எது இடம் நிரப்பியது?

பிப்ரவரி 5, காலை
திருத்தம். இரண்டு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள், நன்றி. 'ஸ்டேர்வே' அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இல்லை, முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. நான் கேசட்டில் கேட்டு வளர்ந்தவன். பக்கம் முடிந்ததும் ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்று மனதில் பதிந்துபோகும், அதை மாற்றுவது கஷ்டம்.

உண்மையான கடைசிப் பாட்டு 'வென் த லெவி ப்ரேக்ஸ்'. பெயரைத் தவறவிட்டதற்காகவாவது இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1927இல் மிஸிஸிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர்களை அடித்துப் போனது. அதை வைத்து 1929இல் மெம்ஃபிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு இது. செப்பலின் ஆட்கள் இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் தங்கிப் பதிவு செய்தார்கள். ஜான் பானமின் டிரம்ஸை மாடிப்படிக்குக் கீழே கூடத்தில் வைத்துவிட்டு, மைக் இரண்டை மட்டும் மேலே படிக்கட்டிலிருந்து தொங்கவிட்டார் ஒலிப்பதிவாளர் ஆன்டி ஜான்ஸ். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக்கே இல்லை. அந்த வீட்டின் காற்றும் சுவரும் சேர்ந்துதான் நமக்குக் கேட்கிறது. ஏழு நிமிடம். முதல் அடியிலேயே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தப் பாட்டுக்குப் பின்னால் வேறு எதையும் வைக்க முடியாது. முன்னால் வைத்திருந்தால் 'ஸ்டேர்வே' கூட மெலிந்து கேட்டிருக்கும்.

பிப்ரவரி 5, இரவு
கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "நீங்கள் சொல்வதெல்லாம் நல்ல பாட்டு, சரி. ஆனால் நல்ல பாட்டு தற்செயலாகக் கடைசியில் இருக்கிறது என்பதைத்தானே காட்டுகிறீர்கள்?" என்கிறார். நியாயமான கேள்வி. என் பட்டியல் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஆல்பத்தின் சிறந்த பாட்டும் அருமையான கடைசிப் பாட்டும் ஒன்றல்ல. குயினின் 'அ நைட் அட் தி ஆபரா' (1975) எடுத்துக்கொள்ளுங்கள். 'பொஹீமியன் ராப்ஸடி' அங்கே கடைசிக்கு முந்தியது. அதற்குப் பிறகு பிரையன் மே தன் கிட்டார்களை அடுக்கி வாசித்த பிரிட்டிஷ் தேசிய கீதம், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், அதோடு ஆல்பம் முடிகிறது. கச்சேரியில் மங்களம் மாதிரி. மங்களத்தை யாரும் அன்றைய சிறந்த உருப்படி என்று சொல்வதில்லை, பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடப் போயிருப்பார்கள். ஆனாலும் அது இல்லாவிட்டால் கச்சேரி முடிந்த மாதிரி இருக்காது.

ஆக, பாட்டு எவ்வளவு நல்ல பாட்டு என்று பார்த்தால் போதாது. அது எப்படி நிற்கிறது, நின்ற பிறகு அறையில் என்ன இருக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிப்ரவரி 6
மேலே சொன்னதற்கு உதாரணம்: 'அ டே இன் த லைஃப்' பாட்டின் கடைசி ஸ்வரக்கட்டு. பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது. ஸ்வரக்கட்டு என்றால் சரியாக இல்லை, கார்டு என்றே சொல்கிறேன்.

1967 பிப்ரவரி 10ஆம் தேதி நாற்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவை அபே ரோடு ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். ஒவ்வொருவரும் தன் கருவியின் கீழ் ஸ்வரத்தில் தொடங்கி 24 பார் (தாளத்தின் 24 சுற்று) முடிவதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எந்த வேகத்தில் போகிறார் என்று பார்க்கக் கூடாது. இதுதான் உத்தரவு. அந்த ஏற்றம் பாட்டில் இரண்டு தடவை வருகிறது. இரண்டாவது தடவை உச்சிக்குப் போனதும் ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் அந்த கார்டு விழுகிறது.

முதலில் அந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பதிவு செய்து பார்த்தார்கள். போதவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, பியானோக்களில் ஒரே நேரத்தில் ஈ மேஜர் கார்டை அடித்தார்கள், தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஹார்மோனியத்தில். அடித்துவிட்டு யாரும் அசையக் கூடாது. சத்தம் தேயத் தேய, பதிவு செய்தவர் வால்யூமை ஏற்றிக்கொண்டே போகிறார். நாற்பது வினாடிக்கு மேல் அந்த ஒரே சத்தம் நீள்கிறது. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் கடைசிப் பத்து வினாடியைக் கேளுங்கள். பியானோ போய்விட்டது, ஸ்டுடியோவின் காற்று இரைகிறது, எங்கோ ஒரு நாற்காலி கிறீச் என்கிறது. 1967இல் ஒரு அறை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் கேட்கிறது.

ஒரு ஆல்பத்தின் நடுவில் இதைச் செய்ய முடியாது. அடுத்த பாட்டுக்காகக் காத்திருப்பவனுக்கு அந்த நாற்பது வினாடி தொந்தரவு. அடுத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் அது கேட்கும்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து
"அடுத்து ஒன்றும் இல்லை" என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. பிரிட்டிஷ் எல்பியில் அதற்கும் பிறகு, ஊசி போய்ச் சேரும் உள்வளையத்தில், சிரிப்பும் பேச்சும் கலந்த ஒரு உளறல் உண்டு. தானாக நிற்காத பிளேயராக இருந்தால் நாம் போய் ஊசியைத் தூக்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்காது. அந்த கார்டுக்குப் பிறகு மௌனம் மட்டும் போதும்.

பிப்ரவரி 9
கேசட் என்று சொன்னதும் ஒருவர் கேட்டிருந்தார், அந்தக் காலத்தில் இதெல்லாம் எப்படிக் கிடைத்தது என்று. எங்கள் ஊரில் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. 90 நிமிட கேசட் வாங்கிக் கொடுத்தால் பக்கத்துக்கு ஒரு ஆல்பமாகப் பதிந்து தருவார்கள். நான் பத்தாவது படிக்கும்போது ஒரு பக்கம் பீட்டில்ஸின் 'அபே ரோடு' ஆல்பம், மறுபக்கம் பிங்க் ஃப்ளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' பதிந்து வாங்கினேன். ஒரு வாரம் காத்திருந்து.

'அபே ரோடு' முதல் பாதியின் கடைசியில் 'ஐ வான்ட் யூ' பாட்டு வருகிறது. ஏழே முக்கால் நிமிடம். கடைசி மூன்று நிமிடம் ஒரே கிட்டார் வரி திரும்பத் திரும்ப, மேலே காற்று மாதிரி ஒரு இரைச்சல் ஏறிக்கொண்டே வருகிறது, ஏறி ஏறி, பாதி வரியில் பட்டென்று நின்றுவிடும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேசட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பாட்டை நடுவில் வெட்டிவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் ரெக்கார்டைப் போட்டே காட்டினார். ரெக்கார்டிலும் அப்படியேதான். ஜான் லெனன், டேப்பை இந்த இடத்தில் வெட்டு என்று சொல்லி வெட்டிய வெட்டு அது.

சமாதானமாகி வீட்டுக்கு வந்தேன். அதே கேசட்டில், பக்கத்தின் கோடியில், 'தி எண்ட்' பாட்டில் மூன்று பேரும் மாறி மாறி கிட்டார் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பால், ஜார்ஜ், ஜான் என்ற வரிசையில் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருக்கும்போது, டேப் தீர்ந்து ப்ளே பட்டன் டக்கென்று மேலே எழும். ஆல்பம் 47 நிமிடம், கேசட் 45. இதையும் அவர்களே செய்த வெட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். முதல் பாதி அப்படி முடிகிறது என்றால் இரண்டாவது பாதியும் அப்படித்தானே முடியும்? ஆறு வருடம் அப்படியே கேட்டேன். கிட்டார் சண்டையின் உச்சத்தில் உலகம் நின்றுபோவதுதான் பீட்டில்ஸின் கடைசி வார்த்தை என்று நண்பர்களிடம் விளக்கியிருக்கிறேன்.

கல்லூரி முடிக்கிற வருடம் ஒரு நண்பன் அறையில் சிடியில் கேட்டேன். கிட்டார் உச்சத்துக்குப் போனது. நான் டக் சத்தத்துக்குத் தயாரானேன். கிட்டார்கள் நின்றன, பியானோ மட்டும் ஒற்றையாகத் தட்டிக்கொண்டிருந்தது, பால் பாட ஆரம்பித்தார். நீ கொடுத்த அன்பும் உனக்குக் கிடைக்கும் அன்பும் கடைசியில் சமம் என்கிற அந்த இரண்டு வரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆறு வருடம் மனப்பாடமாக வைத்திருந்த பாட்டில் எனக்குத் தெரியாத ஒரு முடிவு இருந்திருக்கிறது.

பிப்ரவரி 10
அதற்கும் பிறகு 'ஹெர் மெஜஸ்டி' இருக்கிறதே என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். இருக்கிறது. 23 வினாடி. முதலில் அது இரண்டாம் பாதியில் சின்னப் பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்த மெட்லியின் நடுவில், 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்' பாட்டுக்கும் 'பாலிதீன் பாம்' பாட்டுக்கும் இடையில் இருந்தது. பாலுக்குப் பிடிக்கவில்லை, எடுத்துவிடச் சொன்னார். பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் தூக்கி எறியக் கூடாது என்று ஸ்டுடியோவில் ஏற்கெனவே உத்தரவு இருந்ததால், டேப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஜான் கர்லாண்டர் அந்தத் துண்டைக் கொஞ்சம் வெற்று டேப் விட்டுக் கடைசியில் ஒட்டிவைத்தார். பால் கேட்டார், பிடித்துப்போயிற்று. இருந்த இடத்திலிருந்து அறுத்து எடுத்ததால், ஆரம்பத்தில் இடிக்கிற அந்த கார்டு முந்தைய பாட்டுடையது, கடைசி ஸ்வரமோ இல்லவே இல்லை.

என் கட்சி இங்கே கொஞ்சம் ஆடுகிறது. 'தி எண்ட்' அவ்வளவு பொருத்தமாக முடித்த பிறகு இது எதற்கு என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பெரிய விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. அந்தக் கடைசி ஸ்வரம் இல்லாததும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 10, இரவு
'ஜங்கிள்லேண்ட்' பற்றி ஏன் பேசவில்லை என்கிறார்கள். கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸஃபோன் ஸோலோ பற்றி நானென்ன சொல்ல. ஸ்பிரிங்ஸ்டீன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஸ்வரமாகத் திருத்தித் திருத்திப் பதினாறு மணிநேரம் வாங்கினார் என்பார்கள். கேட்டால் ஒரே மூச்சில் வாசித்த மாதிரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 13
கடைசிப் பாட்டைக் கடைசியாகத்தான் பதிவு செய்திருப்பார்களா என்று ஒரு கேள்வி. இல்லை. 'ரிவால்வர்' (1966) ஆல்பத்தை முடிக்கிற 'டுமாரோ நெவர் நோஸ்' பாட்டைத்தான் ஏப்ரல் 6ஆம் தேதி முதன்முதலில் பதிவு செய்ய உட்கார்ந்தார்கள். கிட்டத்தட்ட முழுப் பாட்டும் ஒரே கார்டின் மேல். அடியில் தம்புரா. நமக்கு அந்தச் சுருதி பழகிய விஷயம், அவர்கள் அதன் மேல் டேப் துண்டுகளை வளையமாக ஒட்டிச் சுற்றவிட்டு, லெனனின் குரலை ஆர்கனுக்கான சுழல் ஸ்பீக்கர் வழியாக அனுப்பினார்கள். அந்த வருடத்தின் மிகத் தொலைவான இடத்துக்கு முதல் நாளே போய்விட்டு, மீதிப் பாட்டுகளில் நிதானமாக அந்த இடத்துக்கு வழி போட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களைக் கடைசியில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

நேர்மாறான உதாரணமும் அவர்களிடமே. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' (1963) ஆல்பத்தின் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'. பிப்ரவரி 11ஆம் தேதி, ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்தார்கள், லெனனுக்குச் சளி. குரல் கிழிந்துவிடும் என்று தெரிந்தே அந்தப் பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். முதல் டேக்தான் ஆல்பத்தில் இருப்பது. இரண்டாவது டேக் எடுக்கப் பார்த்தார்கள், தொண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. அதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் தொண்டை வறளும்.

யூ2வின் 'வார்' (1983) ஆல்பத்தின் கடைசிப் பாட்டான '40' கூட அப்படித்தான். ஸ்டுடியோ நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, பேஸ் வாசிப்பவர் வீட்டுக்குப் போய்விட்டார், கிட்டார் வாசிக்கிற எட்ஜ் தானே பேஸும் வாசித்தார், வரிகள் பைபிளின் நாற்பதாம் சங்கீதத்திலிருந்து. பிறகு பல வருடம் கச்சேரியை முடிப்பதும் அதுவே ஆயிற்று. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டுப் போக, கூட்டம் மட்டும் பாடிக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 17
டிலனின் 'ப்ளாண்ட் ஆன் ப்ளாண்ட்' (1966). நான்காம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 'ஸாட் ஐட் லேடி ஆஃப் த லோலாண்ட்ஸ்', பதினோரு நிமிடத்துக்கு மேல். நாஷ்வில் ஸ்டுடியோவில் டிலன் எழுதிக்கொண்டே இருக்க, வாத்தியக்காரர்கள் சீட்டாடிக்கொண்டு காத்திருந்தார்கள். விடிகாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டார். எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது. டிரம்மர் கென் பட்ரி பின்னால் சொன்னது: ஒவ்வொரு பல்லவி வரும்போதும் இதுதான் கடைசி என்று நினைத்து உச்சத்துக்குக் கொண்டுபோவார்களாம், டிலன் அடுத்த சரணத்துக்குப் போய்விடுவாராம். இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள். முடிந்தது, முடிந்தது என்று ஐந்து தடவை நம்புகிறவர்களின் வாசிப்பு அது.

பிப்ரவரி 21
ஒரு சந்தேகம் இரண்டு நாளாக அரிக்கிறது. சில கடைசிப் பாட்டுகளை நான் பாட்டுக்காக விரும்புகிறேனா, பிறகு நடந்ததற்காகவா?

டோர்ஸின் 'எல்.ஏ. வுமன்' 1971 ஏப்ரலில் வந்தது. கடைசியில் 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்', மழைச் சத்தம், மாரிசனின் குரலுக்கு அடியில் அவரே கிசுகிசுக்கிற இன்னொரு குரல். ஜூலை 3ஆம் தேதி பாரிஸில் இறந்துவிட்டார், வயது 27. குயினின் 'இன்யுவெண்டோ' 1991 பிப்ரவரியில் வந்து 'த ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டோடு முடிந்தது. நவம்பரில் ஃப்ரெடி மெர்க்குரி இல்லை. இந்த இரண்டையும் சாவு தெரியாமல் கேட்க என்னால் முடியாது. அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அவை எப்படி இருந்திருக்கும்?

ஃப்ரெடி விஷயத்தில் பாட்டே தாங்கும். நிற்கவே சிரமப்பட்ட மனிதர் அந்த உயரத்துக்குக் குரலைக் கொண்டுபோவது எதையும் தெரியாமல் கேட்டாலும் உலுக்கும். 'ரைடர்ஸ்' பற்றி எனக்கு அந்த உறுதி இல்லை.

பிப்ரவரி 22
இல்லை, நேற்று எழுதியது தவறு. இரவு விளக்கை அணைத்துவிட்டு 'ரைடர்ஸ்' மறுபடி கேட்டேன். கடைசியில் ரே மன்ஸரெக்கின் எலெக்ட்ரிக் பியானோ மழையோடு மழையாக இறங்கிக் கரைகிற இடம் ஒன்று போதும். சாவு தெரிய வேண்டியதில்லை.

பிப்ரவரி 25
ஈகிள்ஸ். நம் ஊரில் கிட்டார் பிடித்த ஒவ்வொருவரும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' பாட்டை வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த ஆல்பத்தின் (1976) கடைசிப் பாட்டு 'த லாஸ்ட் ரிஸார்ட்' கேட்டவர்கள் எத்தனை பேர்? கிழக்குக் கரையில் ப்ராவிடன்ஸிலிருந்து ஒரு பெண் மேற்கே கிளம்புகிறாள். பாட்டு மேற்கே மேற்கே போய், நிலம் தீர்ந்து, கடல் தாண்டி ஹவாயில் லஹைனா வரை போகிறது. அழகான இடத்தைத் தேடிப் போனவர்களே அதைக் கெடுத்த கதை. முதல் பாட்டில் வழி தெரியாமல் ஒரு ஹோட்டலுக்குள் மாட்டிக்கொண்டவன் ஏன் மாட்டிக்கொண்டான் என்பதற்குப் பதில் கடைசிப் பாட்டில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் லஹைனா ஊர் தீயில் அழிந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது டான் ஹென்லி அந்தப் பெயரை உச்சரிக்கிற விதம்தான்.

மார்ச் 2
எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது எது என்று கேட்டால், பிங்க் ஃப்ளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975). 'ஷைன் ஆன்' பாட்டில் தொடங்கி, அதே பாட்டின் மீதிப் பகுதிகளில் முடிகிறது. யாரைப் பற்றிப் பாடினார்களோ அந்த சிட் பாரெட், குழுவின் பழைய பாடகர், 1975 ஜூன் 5ஆம் தேதி சொல்லாமல் ஸ்டுடியோவுக்குள் வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பெருத்து. பழைய நண்பர்களுக்கு அடையாளமே தெரியவில்லை.

ஆல்பத்தின் கடைசி நிமிடத்தில் பாட்டு இல்லை, ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு மட்டும் மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகிறது. முழுக்க மறைவதற்குச் சற்று முன் ஒரு சின்ன மெட்டு எட்டிப்பார்க்கும். 'ஸீ எமிலி ப்ளே', சிட் 1967இல் எழுதிய பாட்டு. கவனிக்காவிட்டால் தெரியாது. எனக்கே இருபது வருடம் தெரியாது. எதிரில் நின்றபோது அடையாளம் தெரியாத நண்பனை அந்த இடத்தில் அவர்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று எனக்குப் படும்.

மார்ச் 3
கேள்வி கேட்டவர் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தை முதல் தடவையாக நடுவில் நிறுத்தாமல் கேட்டாராம். இவ்வளவு நாளும் கடைசியில் சத்தம் குறைய ஆரம்பித்ததும் அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுவாராம். இடம் நிரப்ப என்று சொன்னதை வாபஸ் வாங்கவில்லை, 'சில ஆல்பங்களில்' என்று சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். சேர்த்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட ஆல்பங்களும் ஏராளம்.

மார்ச் 10
ஒரு திருத்தம், எனக்கு முக்கியமானது. போன ஞாயிறு ஊருக்குப் போனபோது பரணிலிருந்து அந்த கேசட் கிடைத்தது. தம்பியின் பழைய டூ-இன்-ஒன் இன்னும் ஓடுகிறது. 'அபே ரோடு' பக்கத்தைக் கடைசிவரை ஓட்டினேன். டேப் கொஞ்சம் இழுக்கிறது, உயர் ஸ்வரங்கள் மங்கிவிட்டன.

கிட்டார் ஸோலோ நடுவில் நிற்கவில்லை. மூன்று சுற்றும் முழுசாக இருக்கிறது. கிட்டார்கள் அடங்கி, பியானோ ஒற்றையாகத் தட்ட ஆரம்பித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு தட்டல் கேட்ட பிறகுதான் டக். ஆறு வருடமும் அந்தப் பியானோ அங்கே இருந்திருக்கிறது. அதை நான் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. ரீவைண்ட் பண்ணி மறுபடி போட்டேன். நான்கு தட்டல், டக்.